பதினைந்து புள்ளி இரண்டு

ப்ளஸ் ஒன் கெமிஸ்ட்ரியில் முதல் பாடமே மோல்தான். அந்தப் பாடம் நடந்த மூன்று வாரமும் எனக்கு ஒன்றுமே புரியவில்லை என்று சொன்னால் சரியாக இருக்காது. ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் புரிந்தது. சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் புரியவில்லை.

பத்தாவது வரை நான் தமிழ் மீடியம். அணு, மூலக்கூறு எல்லாம் தமிழிலேயே படித்தவள். ப்ளஸ் ஒன்னில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறினேன். மோல் என்ற சொல்லைக் கேட்டதும் அது மூலக்கூறின் சுருக்கம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முதல் வாரம் முழுக்க ஒரு மோல் தண்ணீர் என்றால் ஒரு மூலக்கூறு தண்ணீர் என்றே நினைத்து எழுதிக்கொண்டிருந்தேன். சந்தேகம் வந்து வீட்டில் இருந்த அகராதியைப் புரட்டினேன். அதில் மச்சம் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே ஏதோ ஒரு எலியின் பெயரும் இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

கெமிஸ்ட்ரி மிஸ் அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வருவார். நன்றாகத்தான் நடத்துவார். "மோலுங்கிறது ஒரு நம்பர். டஜன் மாதிரி. டஜன்னா பன்னெண்டு. மோலுன்னா ஆறுக்குப் பின்னாடி இருபத்து மூணு எலக்கம் வரும், அவ்ளோ பெரிய நம்பர்" என்று சொன்னார். டஜன் எனக்குத் தெரியும். தலையாட்டினேன். உடனே போர்டில், ஒரு மோல் கார்பனின் எடை பன்னிரண்டு கிராம் என்று எழுதினார். டஜனிலும் பன்னிரண்டு, கார்பனிலும் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டுதான் இந்தப் பன்னிரண்டு என்று நினைத்தேன். ஆக்சிஜனுக்குப் பதினாறு வந்தபோது, பதினாறு கொண்ட டஜன் எங்கே இருக்கிறது என்று குழம்பிப் போனேன்.

ஒரு நாள் எழுந்து கேட்டே விட்டேன். "மிஸ், மோலு நம்பரா, வெயிட்டா?"

"நம்பர்தாம்மா. ஆனா நம்ம எண்ண முடியாதில்ல, அதனால நிறுத்துப் பாத்துச் சொல்றோம். எதோட மோலுன்னு மொதல்ல கேளு. அதைக் கேக்காம கணக்குல கையே வைக்காத."

உட்கார்ந்தேன். எதோட மோல் என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அதைக் கேட்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்தப் பாடத்துக்கான தேர்வு ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பாவா சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தார்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம், அக்காவின் கணவரைப் பாவா என்போம். வீட்டுக்குள் பாதி நேரம் தெலுங்கு, பாதி நேரம் தமிழ். திருத்தணியில் மலைப்படிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பின்பக்கக் கொட்டகையில் நான்கு பவர்லூம் ஓடும். நைனாதான் ஓட்டுவார். அவருக்கு ஏழெட்டு வருடமாகச் சர்க்கரை. எப்போதாவது லேபில் போய் ரத்தம் கொடுப்பார். நூற்று எண்பது, இருநூற்றுப் பன்னிரண்டு என்று தாளில் வரும். அம்மா அந்தத் தாள்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டிரம்முக்கு மேல் வைப்பார். அம்மாவின் கவலையை அக்கா போனில் சொல்லியிருக்க வேண்டும். பாவா வரும்போது வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கி வந்திருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். தறிச் சத்தம் இல்லாத வீடு ஏதோ வேறு யாருடைய வீடு மாதிரி இருந்தது. ஃபேன் இல்லை. எல்லோருக்கும் வேர்த்து வழிந்தது. இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆன பிறகு பாவா அந்த டப்பாவைப் பிரித்தார்.

"மாமா, வெரலக் குடுங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டு விரலை நீட்டினார். ஒரு சொட்டு ரத்தம். மீட்டர் ஐந்து வரை எண்ணிவிட்டு, 15.2 என்று காட்டியது.

"இன்னாங்க இது, பதினஞ்சுன்னு காட்டுது?" என்றார் அம்மா.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா ஆறு மாதம் முன்பு சர்க்கரை நாற்பதுக்கு இறங்கி பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்தவர். நாற்பதுக்கே விழுந்தார் என்றால் பதினைந்துக்கு? அம்மா நைனாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"வேர்த்துகினு இருக்குதே! லோ ஆனா வேர்க்கும்னு டாக்டர் சொன்னாரே!"

"எல்லாருக்குந்தான் வேர்க்குது" என்றார் நைனா. "எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் கீறேன்."

"அப்படித்தான் மாமா இருக்கும். திடீர்னு தூக்கிப் போடும்" என்றார் பாவா. அதற்குள் அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சமையலறைக்கு ஓடி, ஒரு சொம்புத் தண்ணீரில் நான்கு கரண்டி சர்க்கரையைக் கலக்கிக் கொண்டு வந்தாள். நைனா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஏழெட்டு வருடம் சர்க்கரை இல்லாத காபி குடித்தவர். அப்புறம் மறுப்பே சொல்லாமல் முழுச் சொம்பையும் குடித்து முடித்தார்.

அரை மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தார்கள். 17.1.

"ஏறுது, ஏறுது" என்று பாவா சந்தோஷப்பட்டார். "இன்னொரு சொம்பு குடுக்கலாம் அத்தை."

அப்போதுதான் நான் மீட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். எம், எம், ஓ, எல். அப்புறம் ஒரு சாய்கோடு. அப்புறம் பெரிய எல்.

முதல் எம்மை விரலால் மறைத்துப் பார்த்தேன். மோல்.

மூன்று வாரமாக என்னைப் பாடாய்ப் படுத்திய சொல் நைனாவின் ரத்தத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. மீட்டரைக் கீழே வைக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். புரிந்ததால் அல்ல. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், ஆனால் தெரியவில்லை என்பதால்.

"பாவா, இருங்க. இது வேற யூனிட்டு" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இங்கிலீஷ் மீடியம் படிக்கிற பெண் என்று பாவா என்மேல் பெரிய நம்பிக்கை வைத்திருந்தார். என்னை மாற்றச் சொல்லி நைனாவிடம் பேசியதே அவர்தான். "நீ சொல்லும்மா. உனக்குத்தான் தெரியும்" என்றார்.

அம்மாவின் பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பழைய லேப் தாளைப் பார்த்தேன். அதில் எம்ஜி, சாய்கோடு, சின்ன டி, பெரிய எல். எம்ஜி என்றால் மில்லிகிராம். மீட்டரில் இருப்பது மில்லிமோல். இரண்டிலும் மில்லி இருக்கிறது, ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டேன். அந்த 'டி' டெக்கா என்று நினைத்தேன். டெக்கா என்றால் பத்து. அப்படியானால் லேபில் சொல்வது பத்து லிட்டருக்கான கணக்கு, மீட்டரில் காட்டுவது ஒரு லிட்டருக்கான கணக்கு. பத்தால் பெருக்க வேண்டும்.

"நூத்தி அம்பத்திரெண்டு" என்றேன். "இப்ப நூத்தி எழுபத்தொண்ணு. லோ இல்ல. நார்மல்தான்."

விடை அவ்வளவு அழகாக வந்ததுதான் என்னைக் கெடுத்தது. நூற்று ஐம்பத்திரண்டு என்பது லேப் தாளில் வரக்கூடிய ஒரு எண். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு மலை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். பாவா என் முதுகில் தட்டிக் கொடுத்தார். நைனாவுக்கு இத்தனை வருடத்தில் அவ்வளவு குறைவாக வந்ததே இல்லை. மருமகன் வந்திருக்கிறார் என்று அம்மா அன்றைக்குச் சேமியா பாயசம் வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டில் நைனா ஒரு டம்ளர் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். யாரும் தடுக்கவில்லை. நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

பாவா இன்னும் சாப்பிட உட்காரவில்லை. "எனக்கும் பாத்துடலாம்" என்று தன் விரலையும் குத்திக்கொண்டார். 5.4.

"எவ்ளோம்மா வருது?"

"அம்பத்து நாலு" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த எண் என் காதிலேயே விழுந்தது.

பாவாவின் முகம் வெளுத்துவிட்டது. எழுபதுக்குக் கீழே போனால் லோ என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "எனக்கா? எனக்கு லோவா? ஆமா, காலைலேருந்து ஒரு மாதிரி தலை சுத்திகினேதான் இருந்துது" என்று சுவரில் சாய்ந்தார். அக்கா பயந்து போய் மறுபடி சர்க்கரை டப்பாவைத் திறந்தாள்.

அம்மா மட்டும் அசையவில்லை. மீட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"நல்லா கல்லு மாதிரி கீற மனுசனுக்கு அஞ்சு. சர்க்கரைக்காரருக்குப் பதினஞ்சு. மூணு மடங்கு இருக்குதே பாப்பா. அப்ப இவருக்கு ஜாஸ்தின்னுதானே அர்த்தம்? நீ என்ன நார்மலுன்ற?"

அம்மா எட்டாவது வரை படித்தவர். அவருக்கு யூனிட்டே தேவைப்படவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் தறிக் கொட்டகைக்குப் போய், நின்றுபோயிருந்த தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

புத்தகத்தின் கடைசியில் ஒரு அட்டவணை இருந்தது. டெக்காவுக்கு டி, ஏ என்று இரண்டு எழுத்து. வெறும் டி என்றால் டெசி. பத்தில் ஒன்று. நான் பத்து லிட்டர் என்று எடுத்துக்கொண்டது உண்மையில் லிட்டரில் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் பத்தால் பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும். வகுத்தேன். நைனாவுக்கு ஒன்று புள்ளி ஐந்து இரண்டு. பாவாவுக்குப் பூச்சியம் புள்ளி ஐந்து நான்கு.

பாவா இந்நேரம் உயிரோடு இருக்கவே முடியாது. ஆனால் உள்ளே அவர் அக்காவிடம் பாயசம் கேட்கும் குரல் எனக்குக் கேட்டது.

அழுகை வந்தது. தப்பைத் திருத்தினால் விடை சரியாக வரும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இங்கே தப்பைத் திருத்தியதும் விடை இன்னும் மோசமாகிவிட்டது. அப்படியானால் இன்னொரு தப்பும் எங்கோ இருக்கிறது. நோட்டைப் புரட்டியபோது அடிக்கோடு போட்ட வரி கண்ணில் பட்டது. எதோட மோல்?

சர்க்கரையுடைய மோல். மில்லிமோல் என்றால் மில்லிகிராம் அல்ல. அது எண்ணிக்கை. லேபில் இருப்பது எடை. சிங்கப்பூரில் ரத்தத்துக்குள் இருக்கும் சர்க்கரையை எண்ணுகிறார்கள், இங்கே நிறுக்கிறார்கள். எண்ணியதை எடையாக்க, ஒரு மோல் சர்க்கரை எத்தனை கிராம் என்று தெரிய வேண்டும்.

எந்தச் சர்க்கரை என்பதில் மறுபடி மாட்டிக்கொண்டேன். புத்தகத்தில் இரண்டு இருந்தன. டப்பாவில் இருக்கும் சர்க்கரை சுக்ரோஸ், ஒரு மோல் முந்நூற்று நாற்பத்திரண்டு கிராம். இன்னொன்று குளுக்கோஸ். அதில் கார்பன் ஆறு, ஹைட்ரஜன் பன்னிரண்டு, ஆக்சிஜன் ஆறு. கூட்டினால் நூற்று எண்பது கிராம். நைனா குடித்தது சுக்ரோஸ்தானே? அப்போது ரத்தத்தில் ஓடுவதும் அதுதானா? தெரியவில்லை. இரண்டையும் போட்டுப் பெருக்கி, டெசிக்காகப் பத்தால் வகுத்துப் பார்த்தேன். சுக்ரோஸ் என்றால் பாவாவுக்கு நூற்று எண்பத்தைந்து வந்தது. குளுக்கோஸ் என்றால் தொண்ணூற்றேழு. பாவாவுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை என்று அம்மா சொல்லிவிட்டார். அதனால் குளுக்கோஸ் என்று முடிவு செய்தேன். கெமிஸ்ட்ரியில் இப்படி முடிவு செய்யலாமா என்று தெரியாது. பிறகு பயாலஜி புத்தகத்தைப் பார்த்தபோது அதிலும் குளுக்கோஸ் என்றே இருந்தது.

அதன்படி நைனாவுக்கு முதலில் இருநூற்று எழுபத்து நான்கு. சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகு முந்நூற்று எட்டு. பாயசத்துக்குப் பிறகு எவ்வளவு என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உள்ளே போய்ச் சொன்னேன். நைனா காலி டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை.

"காலைல நூத்தி அம்பத்திரெண்டுன்னே. இப்ப முந்நூறுன்ற. எதைம்மா நம்பறது?"

"இதை நம்புங்க நைனா."

"ஏன்?"

நோட்டை நீட்டிக் காண்பித்தேன். ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டு, ஆறு பதினாறு தொண்ணூற்றாறு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் எனக்கே நான் சொல்வது சரியா என்று சந்தேகம் வந்து நிறுத்திவிட்டேன். அம்மாதான் முடித்து வைத்தார். "நாளைக்கு வெறும் வயித்துல லேபுக்குப் போலாம். அவன் சொல்லிடுவான். அதுவரைக்கும் யாரும் யாருக்கும் எதையும் கலக்கிக் குடுக்காதீங்க."

ஞாயிறு காலை நைனாவோடும் அம்மாவோடும் நானும் போனேன். மீட்டரையும் எடுத்துக்கொண்டேன். லேபில் வேலை பார்க்கும் அக்கா ஊசியால் ரத்தம் எடுத்த அதே நேரத்தில் நான் விரலில் குத்திப் பார்த்தேன். 12.6. நூற்று எண்பதைப் பத்தால் வகுத்தால் வரும் பதினெட்டால் பெருக்கினால் இருநூற்று இருபத்தேழு. லேப் தாள் வந்தபோது அதில் இருநூற்று முப்பத்தெட்டு என்று இருந்தது.

"அக்கா, எனக்குப் பதினோரு பாயிண்ட் கம்மியா வருது" என்றேன். அந்தப் பதினொன்று என் கணக்கின் தப்பா, மீட்டரின் தப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

"வெரல்ல எடுக்கறதுக்கும் நரம்புல எடுக்கறதுக்கும் கொஞ்சம் முன்ன பின்ன வரும்மா. அது ஒண்ணும் இல்ல" என்றவர் மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த யூனிட்டு நான் பரீட்சைக்குப் படிச்சதோட சரி. நேர்ல இப்பத்தான் பாக்கறேன்."

டாக்டர் லேப் தாளைப் பார்த்து மாத்திரையை மாற்றினார், காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று ஆக்கினார். சனிக்கிழமை நடந்ததை அம்மா ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டர் சிரிக்காமல் கேட்டார். இன்னொரு முறை இப்படிச் சந்தேகம் வந்தால் சர்க்கரையைக் கலக்குவதற்கு முன்னால் போன் பண்ணுங்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பதினெட்டால பெருக்கணும், அவ்ளோதான்" என்றார்.

"ஏன் சார் பதினெட்டு?" என்று கேட்டேன். எனக்கு விடை தெரிந்திருந்தது. இருந்தாலும் ஒருவர் வாயிலிருந்து கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள ஆசை.

"அது அப்படித்தாம்மா. ஒரு ஃபேக்டர்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திங்கட்கிழமை தேர்வு எழுதினேன். இந்த முறை எனக்கு மோல் தெரியும் என்ற நினைப்போடு போனேன். பதினெட்டு கிராம் தண்ணீரில் எத்தனை ஆக்சிஜன் அணுக்கள் என்று ஒரு கேள்வி. பதினெட்டு என்ற எண்ணைப் பார்த்ததும் கை தானாகப் பெருக்கத் தொடங்கிவிட்டது. தண்ணீரின் ஒரு மோல் பதினெட்டு கிராம் என்பதும், மீட்டரின் பதினெட்டு வேறு என்பதும் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து செருப்பைப் போடும்போது உறைத்தது. இருபத்தைந்துக்கு ஒன்பது. மிஸ் தாளைக் கொடுக்கும்போது, "போன தடவைக்கு இது பரவாயில்ல" என்றார். போன தடவை, பாடத்தின் நடுவில் வைத்த சின்னத் தேர்வில், ஆறு.

மீட்டர் மூடியில் வெள்ளை டேப் ஒட்டி, பதினெட்டால் பெருக்கவும் என்று எழுதி வைத்தேன். பாவா திரும்பிப் போன பிறகு அம்மாவே வாரம் இரண்டு முறை பார்த்து, போன் கால்குலேட்டரில் போட்டு, காலண்டர் தாளின் ஓரத்தில் குறித்து வைத்தார். இரண்டு மாதத்தில் நூற்று நாற்பதுக்கு இறங்கியது. நைனா மறுபடி சர்க்கரை இல்லாத காபிக்குப் போனார். அந்தச் சொம்புத் தண்ணீரைப் பற்றி மட்டும் எப்போதாவது பேசுவார். திட்டுவதற்காக அல்ல, அதன் இனிப்புக்காக.

காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு மாலை, நான் கொட்டகை வாசலில் படித்துக்கொண்டிருந்தேன். நைனா அறுந்த இழையை முடிந்துவிட்டுத் தறியை நிறுத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த மோலுன்னா இன்னாதும்மா? எனக்கும் சொல்லு. என் ரத்தத்துல இருக்குதுன்ற."

எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அது ஒரு எண்ணிக்கை, யாரும் எண்ண முடியாத அளவு பெரியது, ஒவ்வொரு பொருளுக்கும் அந்த எண்ணிக்கையின் எடை வேறு வேறு. தண்ணீர் என்றால் பதினெட்டு கிராம், சாப்பாட்டு உப்பு என்றால் ஐம்பத்தெட்டரை. அவர் பொறுமையாகக் கேட்டார். ஆங், ஆங் என்று தலையாட்டினார்.

"சரி. நம்ம நூலு ஒரு மோலு இன்னா வெயிட்டு?"

சொல்லிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். பருத்தி என்ன பொருள், அதற்கு என்ன ஃபார்முலா என்று தெரியவில்லை. மறுநாள் மிஸ்ஸிடம் கேட்டேன். மிஸ் நாளைக்குச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து என்னை வராந்தாவில் நிறுத்தி, பருத்தியில் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாக இருக்கின்றன, ஒரு சங்கிலி இருக்கும் நீளம் இன்னொன்று இருக்காது, அதனால் ஒரு மோலுக்கு இன்ன எடை என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, சராசரியாகத்தான் சொல்ல வேண்டும் என்றார்.

"ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எடைன்னு சொன்னீங்களே மிஸ்?"

"சொன்னேன்" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரயிலுக்கு நேரமாச்சு. நாளைக்குப் பேசலாம்."

வீட்டுக்கு வந்து நைனாவிடம் அதைச் சொன்னேன். தறிச் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு மறுபடியும் முதலிலிருந்து குழம்பத் தொடங்கியது.